வெள்ளைக் கொக்கு

அன்று ஒற்றைப்படைத் தேதி.

ஒற்றைப்படைத் தேதிகளில் எதிர்க்கரை சுடும். இரட்டைப்படைத் தேதிகளில் சுடாது. தைவான் படை காக்கும் கின்மென் தீவில் எல்லோருக்கும் அது தெரியும். சிப்பி எடுக்கும் பெண்களுக்குத் தெரியும், பன்றிகளுக்குக்கூடத் தெரியும். அதனால் லாரிக்காரன் டெங்லூவைக் கூனல் பாறைக்கு வெகு முன்னாலேயே இறக்கிவிட்டான். பொழுது சாயப் போகிறது, மீதியை நடந்து போய்க்கொள் என்றான்.

டெங்லூவிடம் ஒரு பை இருந்தது. தோள்மேல் ஒரு தோல்வார். அதன் நுனியில் நாய் இல்லை.

கூனல் பாறைக் காவல் என்பது மணல்மேட்டைக் குடைந்து கருங்கல் அடுக்கிய ஒரு பதுங்குகுழி. கடலைப் பார்த்த வாயில் ஓர் எந்திரத்துப்பாக்கி. கீழே முள்வேலி. வேலிக்கு அப்பால் சேற்றுவெளி. வற்றத்தில், கடல்நீர் இறங்கும் நேரத்தில், அங்கே சிப்பிக்கற்கள் தெரியும். ஊர்க்காரர்கள் சிப்பி வளர்ப்பதற்காகச் சேற்றில் நட்டுவைத்த கல்பலகைகள். இடுப்பளவு உயரம். வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டும் வரை. ஊமைக் கூட்டம் ஒன்று கரையைப் பார்த்து நிற்பது போலிருக்கும்.

வாசலில் சமையல்காரன் ஆவாங் மீன் உரித்துக்கொண்டிருந்தான். இன்னும் நான்கு மாதத்தில் படைவேலை முடிந்து ஊர் போகிறவன். அந்தத் தெம்பு அவன் பேச்சில் இருந்தது.

"நாய்க்காரனா? முதல்ல உள்ள போ. கார்ப்பரல் ஐயாவுக்கு ஒரு சல்யூட் அடிச்சுட்டு வா."

டெங்லூ உள்ளே போய் இருட்டில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். கண் பழகியபோது எதிரே ஒரு நாய் படுத்திருந்தது. நான்கைந்து பேர் சிரித்தார்கள். ஆனால் அது பொய்யில்லை. படைநாய்க்குப் பதவி உண்டு. அது கார்ப்பரல். டெங்லூ வெறும் சிப்பாய்.

சிரிக்காத ஒருவர் விளக்கருகே உட்கார்ந்திருந்தார். சார்ஜென்ட் கோங். ஷாண்டோங்காரர். இளவயதில் படையோடு ஊரை விட்டு வந்தவர். அந்த ஊர் இப்போது எதிர்க்கரையில், எதிரியின் பக்கத்தில் இருந்தது. அவர் பேச்சில் பாதி இங்குள்ள பையன்களுக்குப் புரியாது. மாலைதோறும் அவர்தான் புதிய சங்கேதச் சொல்லை அறிவிப்பார். அதை எதிரி ஒட்டுக்கேட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, நமக்கே விளங்குவதில்லை என்று ஆவாங் சொல்வான். அவர் காதில் விழாமல்தான்.

நாய் கருப்பு. தாடையில் மட்டும் நரை. பதிவுப் பெயர் ஜோங்யோங், விசுவாசமும் வீரமும் என்று பொருள். டெங்லூ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அது திரும்பவில்லை. முதல் குண்டு எங்கோ வடக்கே விழுந்தபோது எழுந்து, நிதானமாக நடந்து, ஒரு படுக்கைப் பலகைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்தப் பலகையில் யாரும் இல்லை. போர்வை மட்டும் டோஃபுக் கட்டி மாதிரி நான்கு முனையும் கூராக மடித்து வைத்திருந்தது. டெங்லூ தன் பையை அதன்மேல் வைக்கப் போனான்.

"அது இல்ல," என்றார் சார்ஜென்ட். வாசலை ஒட்டி, காற்று அடிக்கும் பலகையைக் காட்டினார்.

சாப்பாடு ஆனபின் அவர் விஷயத்தைச் சொன்னார். மூடுபனி நாட்களில் இந்த நாய் வேலியோரம் நின்று கடலைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. போன மாதம் கேப்டன் அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டார். எதிர்க்கரையிலிருந்து இரவில் நீந்தி வந்து காவல்காரர்களின் கழுத்தை அறுக்கும் ஆட்களை இங்கே நீர்ப்பேய் என்பார்கள். பெயர்தான் பேய், ரத்தமும் சதையும் உள்ள ஆட்கள். அவர்களைக் கண்டு குரைப்பதற்குத்தான் நாய். கடலுக்கு வாலாட்டுகிற நாய் நாளைக்குக் கத்திக்கும் வாலாட்டும் என்றார் கேப்டன். மூடுபனிக் காலம் முடிவதற்குள் அதைச் சரிப்படுத்து, இல்லாவிட்டால் கணக்கை முடித்துவிடு என்று சொல்லிப் போயிருக்கிறார். படைநாயை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

"உன்னால ஆகுமா?"

ஆகும் என்றான் டெங்லூ. அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் இன்னொரு நாய் சாவதை அவன் பார்க்க விரும்பவில்லை. அவனுடைய நாய் குளிர்காலத்தில் செத்தது. எதிர்க்கரை அனுப்பிய குண்டில் வெடிமருந்து இல்லை, பிரசாரத் தாள்கள்தான் இருந்தன. நாய்ப்பட்டியின் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது அந்தக் குண்டின் இரும்பு ஓடு. தாள்கள் நாயின் மேல் மெல்ல இறங்கி மூடின. அவற்றைப் படிப்பது குற்றம். அவன் படிக்காமலே பொறுக்கி எடுத்தான்.

*

நாயிடம் ஒரு குறையும் காணவில்லை.

உட்கார் என்றால் உட்கார்ந்தது. மோப்பம் பிடித்தது. அஞ்சல்காரனைப் பார்த்துக் குரைத்தது. வேலிக் கதவு வழியாகச் சிப்பிக்குப் போகும் பெண்களைத் தினமும் புதிதாகப் பார்ப்பது போலக் குரைத்தது. சாப்பாட்டில்தான் அடம். டெங்லூ எங்கே கிண்ணத்தை வைத்தாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். அந்தக் காலிப் பலகைக்கு அருகில் வைத்தால் தின்னும்.

அதன் கண் டெங்லூவின் முகத்தில் நிற்கவே இல்லை. அவனைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் வரவேண்டிய யாரையோ பார்த்தது.

ஒரு பிற்பகல் மூடுபனி வந்தது.

முதலில் எதிர்க்கரை மறைந்தது. பிறகு கடல். பிறகு சிப்பிக்கற்கள் கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக. வேலி மட்டும் மிச்சம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. கையை நீட்டினால் விரல் நுனி வெளுத்துப் போயிற்று.

அந்தி வேளைக் காவல் எப்போதும் சார்ஜென்டுடையது. அவர் அதை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. அவர் துப்பாக்கிக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். பக்கத்துப் பள்ளத்தில் டெங்லூ நாயோடு இருந்தான். நீர் வற்றிக்கொண்டிருந்தது. சேற்றில் எங்கும் சிப்பிகள் வாய் மூடும் சத்தம். யாரோ நகத்தால் கல்லைச் சுரண்டுவது போல.

நாயின் காதுகள் எழுந்தன.

அவன் தோல்வாரை இறுக்கிப் பிடித்தான். குரை என்று மனதுக்குள் கெஞ்சினான். குரைத்துவிடு.

மணலில் ஏதோ பட்டுப் பட்டு விலகியது. மெதுவாக. பிறகு வேகமாக.

வால்.

பனிக்குள்ளிருந்து சேற்று வாடை வந்தது. வற்றத்துக்கு வருகிற வாடைதான். ஆனால் அது வீசவில்லை. நடந்து வந்தது. நெருங்கி வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது.

"கூரோ."

கிசுகிசுப்பு. பக்கத்தில் இருக்கும் ஒருவர் காதில் விழக்கூடாது என்று சொல்வது போல.

நாய் முனகியது. குட்டிநாயின் முனகல்.

"நில்," என்றார் சார்ஜென்ட். அவர் குரல் சாதாரணமாக இருந்தது. "யார் அங்கே? சங்கேதச் சொல்?"



"வெள்ளைக் கொக்கு."

அன்றைய சொல் அதுவல்ல. முந்தின நாள் சொல்லும் அதுவல்ல. டெங்லூ துப்பாக்கிப் பக்கம் திரும்பினான். சார்ஜென்டின் விரல் விசைமேல் இருந்தது. கல்லில் செதுக்கிய ஆள் மாதிரி இருந்தார்.

"சார்ஜென்ட், அது தப்பான சொல்லு."

"தெரியும். நாயைக் கூட்டிட்டு உள்ள போ."

அவர் சுடவில்லை. வாடை மெல்ல விலகிக் கடல் பக்கம் போயிற்று. வால் நின்றது.

*

காலையில் டெங்லூ சமையல் குழிக்குப் போய், கூரோ என்றால் என்ன என்று கேட்டான். ஆவாங்கின் கையிலிருந்த கரண்டி கஞ்சிக்குள் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

பிறகு சொன்னான். அது ரகசியம் இல்லை. காவலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் பேசுவதில்லை, அவ்வளவே.

நாயை இதற்குமுன் வைத்திருந்தவன் பெயர் ஷுய்மு. தெற்கே மீனவன் மகன். நாய்க்கு அவன் வைத்த செல்லப்பெயர் கூரோ. கருப்பன் என்று ஜப்பானியர் பாஷையில் சொல்வது. முன்பு ஜப்பானியர் ஆண்ட தைவான் பக்கம் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர். சார்ஜென்டுக்கு அது ஆகவில்லை. எட்டு வருடம் ஜப்பானியரோடு சண்டை போட்டவர். என் குழிக்குள் அந்தப் பாஷை கூடாது என்று தடுத்துவிட்டார். அன்று முதல் ஷுய்மு நாயைக் கிசுகிசுப்பில்தான் கூப்பிடுவான். நாயும் கிசுகிசுப்புக்குத்தான் காது கொடுக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் நீர்ப்பேய்கள் கையில் பக்கத்துக் காவலில் ஒரு பிரிவே செத்தது. வந்தவர்கள் நம் சீருடையில் வந்தார்கள், நம் பேச்சைப் பேசினார்கள். அதன்பிறகு உத்தரவு வந்தது. சங்கேதச் சொல் தவறினால் இரண்டாம் கேள்வி இல்லை.

பின்பு ஓர் ஒற்றைப்படை நாள். எதிர்க்கரை வழக்கத்தைவிட முன்னாலேயே சுட ஆரம்பித்தது. சேற்றில் விழுந்த ஒரு குண்டின் அதிர்ச்சியில் நாய் வாரை அறுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே ஓடியது. ஷுய்மு பின்னால் ஓடினான். மூடுபனி இறங்கியது. நாய் தானாகவே திரும்பி வந்துவிட்டது. அவன் வரவில்லை. சிப்பிக்கற்களுக்கு நடுவே அதைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறான்.

அந்தி ஆனது. அந்தியில் சங்கேதச் சொல் மாறும்.

"அவன் கையில இருந்தது பழைய சொல்லு," என்றான் ஆவாங். "புதுசை அவனுக்கு யாரு போய்ச் சொல்றது?"

துப்பாக்கியில் சார்ஜென்ட் இருந்தார். பனிக்குள்ளிருந்து வந்தவன் நான்தான் என்றான். நான்தான் என்று யாரும் சொல்லலாம். சொல் என்ன என்று கேட்டார். வெள்ளைக் கொக்கு என்றான். நாய் சார்ஜென்டின் காலடியில் உட்கார்ந்திருந்தது. அது வாலை ஆட்டியது. குண்டுப்பெட்டி எடுத்துக் கொடுக்க ஆவாங் அருகில் நின்றிருந்தான். சார்ஜென்ட் குனிந்து அந்த வாலைப் பார்த்ததை அவன் பார்த்தான்.

"பார்த்தாரு. பார்த்துட்டுத்தான் சுட்டாரு."

மேலிடம் அவர்மேல் குற்றம் காணவில்லை. உத்தரவுப்படி நடந்தார் என்று சொல்லி ஒரு புட்டி சோளச் சாராயம் அனுப்பினார்கள். அது இன்னும் மூடி திறக்காமல் அவர் தலைமாட்டில் இருக்கிறது. டெங்லூ அதைப் பார்த்திருந்தான். சேர்த்து வைத்துக் குடிக்கிற மனிதர் என்று நினைத்திருந்தான்.

அன்று அவன் நாயின் அருகே குந்தி உட்கார்ந்து, கிசுகிசுப்பாக, கூரோ என்றான்.

நாய் சட்டென்று திரும்பியது. முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தது. கண், மூக்கு, வாய் எல்லாவற்றிலும் தேடியது. தேடியது கிடைக்கவில்லை. தலையை முன்கால்களின் மேல் வைத்துக்கொண்டது.

*

நாய்ப்பட்டியில் ஒரு வழக்கம் உண்டு. அதற்குக் கைமாற்று என்று பெயர். படைவேலை முடிந்து போகிறவன் தன் நாயைப் புதியவனிடம் கொடுக்கும்போது, தோல்வாரை இருவரும் சேர்ந்து பிடிப்பார்கள். நாய் இருவர் வாசனையையும் முகர்ந்து முடிக்கும்வரை. பிறகு பழையவன் நாயிடம், இனி இவன்தான், என்று சொல்லிக் கையை விடுவான். திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பார்த்துவிட்டால் கைமாற்று செல்லாது, மறுபடி செய்யவேண்டும். டெங்லூ பார்த்த கைமாற்றுகளில் பாதி இரண்டாம் தடவைதான் செல்லுபடியாகியிருந்தன.

சார்ஜென்ட் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் அருகே போய் நின்றான்.

"நாய் கெட்டுப் போகலைங்க, சார்ஜென்ட். அதுக்குக் கைமாத்து நடக்கல. அதோட கணக்குல அது இன்னும் அவரு நாய்தான்."

சார்ஜென்ட் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"யாரு குடுப்பா?" என்றார்.

டெங்லூ வேலிக்கு அப்பால், சேற்றுவெளியைப் பார்த்தான்.

கேப்டன் அந்த வாரக் கடைசியில் வருவதாகச் செய்தி வந்தது. அதற்கு முன் ஓர் இரட்டைப்படை நாளின் பிற்பகலில் மூடுபனி மறுபடி வந்தது. டெங்லூ ஆவாங்கிடம் போய், சிப்பிப் பெண்களின் வேலிக் கதவுச் சாவியைக் கேட்டான்.

ஆவாங் வெகுநேரம் அவனைப் பார்த்தான்.

"கிறுக்கனாடா நீ? ஊர் போற நேரத்துல என்னைச் சிக்கல்ல மாட்டிவிடாத."

ஆனால் சாவியைக் கொடுத்தான். அந்திக்கு முன்னால் வந்துவிடு என்றான். வந்துவிடுகிறேன் என்றான் டெங்லூ. அவன் அப்படித்தான் நினைத்திருந்தான்.

*

கதவைத் தாண்டியதும் பின்னால் கரை இல்லாமல் போயிற்று.

சேறு கணுக்கால்வரை இருந்தது. சிப்பிக்கற்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்து, அருகே நின்று, பின்னால் போயின. ஒவ்வொன்றும் முதலில் மனிதனாக இருந்தது. பிறகுதான் கல்லானது.

நாய் மோப்பம் பிடிக்கவில்லை. வழி தெரிந்த நடை. ஒரு கல்லின் முன்னால் நின்றது. அதன் ஓரங்கள் உடைந்திருந்தன. சிப்பிகள் பற்றாத புதிய உடைசல்கள். டெங்லூ விரலால் தொட்டுப் பார்த்தான். குண்டு பட்ட இடங்கள்.

நாய் அங்கே உட்கார்ந்தது. அவனும் நின்றான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெள்ளை சாம்பலானது. எங்கோ நீர் திரும்பத் தொடங்கியிருந்தது.

சிப்பிகளின் சத்தம் நின்றது.

எல்லாம் ஒரே சமயத்தில்.

வாடை வந்தது.

நாயின் வால் சேற்றில் அடித்தது. சளக். சளக்.

"கூரோ."

கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஒரு கை தூரம். டெங்லூ பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓடவேண்டும் போலிருந்தது. கால் சேற்றுக்குள் இருந்தது.

அவன் தோல்வாரின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடி வளையத்தைக் கல்லின் மேலாக நீட்டினான். வளையம் காற்றில் ஆடியது.

ஆட்டம் நின்றது.

மறுபக்கம் கனம் ஏறியது. இழுக்கவில்லை. பிடித்திருந்தது. தோல் வழியாகக் குளிர் இறங்கி வந்தது, கிணற்றுக்குள் கை விட்டது போல. வளையத்திலிருந்து நீர் சொட்டியது.

நாய் எழுந்தது. கல்லைச் சுற்றி அந்தப் பக்கம் போயிற்று. அங்கே மூச்சு வாங்கிவாங்கி முகர்ந்தது. இந்தப் பக்கம் வந்து டெங்லூவின் கால், முழங்கால், கை எல்லாவற்றையும் முகர்ந்தது. மறுபடி அங்கே போனது. அதன் அடித்தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. நாய் அழுமா என்று கேட்பவர்களிடம் டெங்லூ பின்னாளில் ஒன்றும் சொன்னதில்லை.

அவன் காத்திருந்தான். அந்தப் பக்கமும் காத்திருப்பது போலிருந்தது. விட மனம் வராமல்.

"இனி இவன்தான்."

கனம் போயிற்று. வளையம் சேற்றில் விழுந்தது.

நாய் வந்து அவனுடைய இடது காலோரம் உட்கார்ந்தது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தது. இந்தத் தடவை ஒன்றையும் தேடவில்லை.

அப்போதுதான் டெங்லூ சுற்றிலும் பார்த்தான். சாம்பல் கருப்பாகிக்கொண்டிருந்தது.

அந்தி.

புதிய சொல் அறிவித்திருப்பார்கள். அது அவனுக்குத் தெரியாது.

நீர் கணுக்காலுக்கு ஏறியது. நிற்கமுடியாது. கத்திக் கூப்பிடலாம். நான்தான் என்று சொல்லலாம். ஷுய்முவும் சொன்னான்.

நாய் முன்னால் நடந்தது. அவன் பின்னால் போனான். சேறு காலைக் கவ்விக் கவ்வி விட்டது. நாயின் காலடி. தன் காலடி.

கொஞ்ச தூரம் போனபின் இன்னொன்றும் கேட்டது.

அவன் நின்றான். அது ஓர் அடி வைத்துவிட்டு நின்றது.

பழையவன்தான் திரும்பிப் பார்க்கக்கூடாது. புதியவனுக்கு அந்த விதி இல்லை. ஆனாலும் அவன் திரும்பவில்லை.

வேலிக் கதவு கைக்குத் தட்டுப்பட்டது. மேலே, பனிக்குள் எங்கோ, இரும்பு இரும்போடு உரசியது. குண்டு ஏறும் சத்தம்.

"நில். யார் அங்கே?"

"டெங்லூ. நாயும் நானும்."

"சங்கேதச் சொல்?"

அவன் வாயைத் திறந்தான். நேற்றைய சொல் நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். சொல்லாவிட்டாலும் அதுதான். நாய் அவன் காலில் ஒட்டிக்கொண்டது. அதன் நெஞ்சு அடிப்பது அவன் முழங்காலில் தெரிந்தது.

காதருகே, தோளுக்குப் பின்னால், சேற்றுக் குளிர்.

"வெள்ளைக் கொக்கு."

அது கிசுகிசுப்பு இல்லை. மேட்டுக்குக் கேட்கும்படி சொன்னது.

டெங்லூ கண்ணை மூடிக்கொண்டான். நீர் கணுக்காலைச் சுற்றி ஓடியது. ஒரு மனிதன் ஒரே கேள்வியை எத்தனை மூடுபனியில் கேட்டிருப்பான் என்று அவனுக்குத் தோன்றியது. ஒவ்வொரு முறையும் வந்த பதில் சரியாகத்தான் இருந்தது, ஷுய்மு வெளியே போன நேரத்தின் கணக்கில்.

பிறகு இரும்பு மறுபடி உரசியது. குண்டை வெளியே எடுக்கும் சத்தம்.

மணலில் யாரோ இறங்கி வந்தார்கள். சார்ஜென்ட். கையில் விளக்கும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. வேலிக் கதவை முழுவதுமாகத் திறந்து ஒதுங்கி நின்றார்.

"சரி," என்றார். "ரெண்டு பேரும் உள்ள வாங்க."

டெங்லூ உள்ளே வந்தான். நாய் வந்தது. சார்ஜென்ட் கதவை உடனே மூடவில்லை. இன்னொரு ஆள் தாண்டிப் போகிற நேரம் அளவுக்குத் திறந்து வைத்திருந்தார். அவர் தலை மெல்லத் திரும்பியது, எதையோ வழியனுப்புவது போல, வேலியிலிருந்து பதுங்குகுழி வாசல்வரை.

பிறகு மூடினார்.

*

கேப்டன் வந்தார். முன்னறிவிப்பில்லாமல் ஓர் ஆளைக் கருப்பு உடையில் கடல் வழியாகச் சேற்றில் ஊர்ந்து வரச் செய்தார். மூடுபனி அன்றும் இருந்தது. ஆள் வேலிக்கு வெகுதூரத்தில் இருக்கும்போதே நாய் குரைத்தது. வாரை இழுத்து மூச்சுத் திணறும்படி குரைத்தது. கேப்டன் திருப்தியாகத் தலையசைத்து, நாய்க்கு ஒரு டின் மாட்டிறைச்சி கொடுக்கச் சொன்னார். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. கார்ப்பரலாகப் பிறந்திருக்கவேண்டும் என்றான் ஆவாங்.

நாய் பிழைத்தது. டெங்லூ வைக்கும் இடத்தில் தின்றது. அவன் கிசுகிசுத்தால் ஓடி வந்தது. சார்ஜென்ட் அந்தப் பெயர் காதில் விழுந்தும் விழாதது போல இருந்தார். மூடுபனி வந்தாலும் அது கடலைப் பார்த்து வாலாட்டவில்லை.

கடலில் இப்போது யாரும் இல்லை.

காலிப் பலகையின் போர்வை மட்டும் காலையில் மடிப்புக் குலைந்திருந்தது. தொட்டால் ஈரம். சிப்பிச் சேற்றின் வாடை. ஆவாங் அதை வெயிலில் உலர்த்தி, நான்கு முனையும் கூராக மடித்து வைத்தான். மறுநாளும் மடித்தான். அவன் ஊர் போனபின் அந்த வேலையை டெங்லூ எடுத்துக்கொண்டான்.

சார்ஜென்டும் ஒன்றைச் செய்தார். ஆவாங் போவதற்கு முன் அவனைப் பிடித்துவைத்து, ஷுய்மு பேசிய தெற்கத்தி மீனவர் பேச்சைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். வயதான நாக்கு, வளையவில்லை. ஆவாங் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அவர் கோபப்படாமல் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தார்.

அது ஓர் ஒற்றைப்படை நாள். அந்தி. எதிர்க்கரையின் முதல் குண்டு வடக்கே விழுந்தது. சார்ஜென்ட் எல்லோரையும் கூட்டி அன்றைய சங்கேதச் சொல்லை அறிவித்தார். பையன்கள் திருப்பிச் சொன்னார்கள். சரிபார்த்தார். கலைந்து போகச் சொன்னார்.

காவலுக்கு ஏறுவதற்கு முன் அவர் உள்ளே வந்தார். டெங்லூ தன் பலகையில் படுத்திருந்தான். நாய் எதிரே, காலிப் பலகைக்கு அடியில் இருந்தது. அதன் வால் மெல்ல மரத்தில் பட்டது. டொக். டொக்.

சார்ஜென்ட் அந்தப் பலகை முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். தெற்கத்திப் பேச்சில், ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக வைத்து, பிழையில்லாமல் சொன்னார்.

"இன்னைக்குச் சொல்லு ‘வேர்க்கடலை’. கேட்டுச்சா, ஷுய்மு?"